பச்சைப்பிள்ளையின் உடுப்பைப் பிரித்து விற்றுத் தாருங்கள்: மலையகப் புடவைக்கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை ஆகிய நகரங்களில் புடவைக்கடை நடத்தும் முதலாளிமாருக்கும், அந்நகரங்களின் வர்த்தகச் சங்கத்தினருக்கும்,

வணக்கம்.

தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமான பிள்ளைக் காம்பராவில் நெடுங்காலம் கடமையாற்றியவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பிறந்த பிள்ளைக்கு வேண்டிய அடிப்படை உடுப்புகளைத் தனித்தனியாகத் தெரிந்தெடுத்து வாங்க உங்கள் கடைகளில் வழி செய்து தரவேண்டும் என்பதும், அவை என்ன துணி என்பதை வாங்குவோருக்குச் சொல்லவேண்டும் என்பதுமே என் கோரிக்கை.

பிள்ளை பிறக்கும் முன்பே உடுப்பு வாங்கிச் சேர்ப்பதை நமது குடும்பங்கள் பலவும் விரும்புவதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையில் மூத்த பிள்ளையின் பழைய சட்டைகளும், கிழித்து மடித்த வேட்டித் துண்டுகளுமே இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பலமுறை துவைத்த பருத்தித் துணியைப்போல் பச்சைப்பிள்ளையின் தோலுக்கு இதமானது வேறில்லை. புதிய உடுப்பு, பிள்ளை பிறந்த செய்தி வந்த பிறகே அவசர அவசரமாக வாங்கப்படுகிறது. வாங்க வருகிறவர் பெரும்பாலும் தகப்பன் அல்லது தாய்மாமன். அளவைப் பற்றியோ துணியைப் பற்றியோ அதிகம் அறியாத அவர் முன்னால் உங்கள் கடைப் பையன் எடுத்து வைப்பது கண்ணாடித்தாள் ஒட்டிய பெட்டியைத்தான். அதற்குள் ஒரு சட்டை, ஒரு காற்சட்டை, ஒரு தொப்பி, கைக்கும் காலுக்கும் உறைகள், எச்சில் துணி ஒன்று, சிலவேளை பூ வைத்த தலைப்பட்டி ஒன்று. 2024 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. பெட்டியின் விலை எத்தனை நாட்சம்பளத்துக்குச் சமம் என்று கணக்குப் பார்க்கிறவர்களே உங்கள் வாடிக்கையாளர்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அந்தப் பணத்துக்கு வீட்டுக்கு வந்து சேர்வது ஒரே ஒரு சட்டை. பிறந்த பிள்ளையோ ஒரு நாளைக்குப் பத்துத் தடவையளவில் துணியை நனைக்கும், பால் கக்கும். ஆறேழு சட்டைகளும், இரண்டு மூன்று தொப்பிகளும், இரண்டு டசின் நப்பித் துணிகளும், சுற்றிப் பிடிக்க இரண்டு மூன்று துணிகளும் இருந்தால் ஒரு தாய் சமாளித்துக்கொள்வாள். இவற்றில் எதுவும் அழகாக இருக்கவேண்டிய அவசியமில்லை, ஆனால் எண்ணிக்கையில் போதியதாக இருக்கவேண்டும். பெட்டியோ இதற்கு நேர்மாறாக, ஒவ்வொன்றிலும் ஒன்றை அழகாகத் தருகிறது.

எண்ணிக்கையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு நமது மழையும் ஒரு காரணம். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும் காலத்தில் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) காலையில் கொடியில் போட்ட துணி மறுநாள் மாலையிலும் ஈரமாகவே இருக்கும். பதுளைப் பக்கத்தில் ஆண்டுக் கடைசியில் இதே கதை. வேறு வழியின்றி அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டு, புகை நாற்றமடிக்கும் துணியைப் பிள்ளைக்கு உடுத்துகிறார்கள். ஆகவே தடித்த ஒரு சட்டையைவிட, சீக்கிரம் காயக்கூடிய மெல்லிய பருத்திச் சட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நமது ஊருக்குப் பொருந்தும். இரண்டு அடுக்குக்கு நடுவே தங்கும் காற்று சூட்டையும் காக்கும். வெயில் ஏறினால் ஒன்றைக் கழற்றிவிடலாம்; தடித்த கம்பளிச் சட்டையில் அது நடக்காது, பிள்ளை வியர்த்து, அந்த வியர்வையே பிறகு குளிராக மாறும். பெரியவர்கள் உடுப்பதைவிட ஓரிரு அடுக்கு கூடுதலாகவும், தலைக்குத் தொப்பியும் பிறந்த பிள்ளைக்குப் போடவேண்டும் என்றே உலக சுகாதார ஸ்தாபனமும் கூறுகிறது. ஆனால் உறங்கும்போது தொப்பி முகத்தில் சரிந்து மூக்கை மூடிவிடக் கூடாது. அதனால்தான் தலையோடு பொருந்தி இழுபடும் பின்னல் தொப்பியை விற்கும்படி கேட்கிறேன், கழுத்தில் நாடா கட்டும் தொப்பியை அல்ல.

துணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ‘குளிருக்கு நல்லது’ என்று சொல்லி விற்கப்படும் பஞ்சுபோன்ற துணிகளில் பெரும்பாலானவை பொலியெஸ்டர். கையில் எடுத்தால் இதமாகத்தான் இருக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சாது. தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பு எரியும் லயத்து வீட்டில் இது சிறிய விடயமன்று. பருத்தியில் நெய்த ஃபிளனலும் மேற்பரப்பில் பஞ்சு எழுப்பப்பட்டிருப்பதால் விரைவில் தீப்பிடிக்கும் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தூங்கும் பிள்ளையைச் சுற்ற அது நல்லதுதான், ஆனால் அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது வேண்டாம். எது எந்தத் துணி என்பதில் உங்களுக்கே ஐயம் இருந்தால், ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பொலியெஸ்டரானால் உருகிக் கடினமான மணியாகத் திரளும். கலப்பு நூல் இரண்டு குணமும் காட்டும். கொழும்பில் மொத்தமாகக் கொள்வனவு செய்யும்போது இதைச் செய்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. செய்துவிட்டு, தட்டின் முன்னால் ‘பருத்தி’, ‘கலப்பு’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்தால் போதும்.

தையலையும் பாருங்கள். தொப்புள்கொடி காய்ந்து விழ ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை வயிற்றை இறுக்கும் ரப்பர் பட்டி வைத்த காற்சட்டை உதவாது, தலைவழியாக மாட்டும் சட்டையைவிட முன்பக்கம் திறக்கும் சட்டையே தாய்க்கும் பிள்ளைக்கும் எளிது. கழுத்தில் நீண்ட நாடா, ஒட்டிய மணி, தளர்ந்த பொத்தான் ஆகியவை ஆபத்து. கையுறையின் உட்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் சிலவற்றில் நூல்கள் தொங்கும். அந்த நூல் பிள்ளையின் விரலைச் சுற்றினால் இரத்த ஓட்டமே நின்றுவிடும். ஐரோப்பியச் சந்தைக்குப் போகும் சிறுபிள்ளைகளின் உடுப்பில் தலைப்பகுதியிலும் கழுத்துப்பகுதியிலும் கயிறோ நாடாவோ இருக்கக்கூடாது என்று அங்கே தர விதி இருக்கிறது. அந்த விதிக்கு அமைய நமது நாட்டு ஆடைத் தொழிற்சாலைகள் தைக்கின்றன. நமது தோட்டங்களிலிருந்து போன பெண்பிள்ளைகளும் அங்கே மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தைத்த ஏற்றுமதி மிச்சச் சட்டைகள் பல வேளைகளில் பெட்டியில் வருவதைவிட உறுதியானவை, விலையும் குறைந்தவை. அவற்றைக் கடைக்கு முன்னால் குவியலாகக் கொட்டி விற்காமல் அளவுவாரியாகப் பிரித்து வைத்தால் நல்லது.

அளவைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் நீளத்தோடு பிறக்கும் பிள்ளை மூன்று மாதத்தில் 60 சென்ரிமீற்றர் ஆகிவிடுகிறது. எனவே போதிய நிறையோடு பிறந்த பிள்ளைக்கு மிகச் சிறிய அளவில் ஒன்றிரண்டு மட்டும் கொடுத்து, மற்றவற்றை அடுத்த அளவில் கொடுங்கள். ஆனால் 2.5 கிலோவுக்குக் குறைந்த நிறையில் பிறக்கும் பிள்ளைகள் தோட்டப்புறங்களில் ஏனைய இடங்களைவிட அதிகம். அவர்களுக்குத்தான் குளிர் முதலில் தாக்கும், அவர்களுக்குப் பொருந்தும் அளவுதான் உங்களிடம் இருப்பதில்லை. பெரிய சட்டைக்குள் குளிர்காற்று புகுந்து வெளியேறும். விற்பனை குறைவு என்பதற்காக இந்த அளவை ஒதுக்கிவிடாதீர்கள். உள்ளூர் தையல்காரம்மாவிடம் துணி கொடுத்தாவது சில உருப்படிகளைத் தைத்து வையுங்கள்.

பெட்டிகளை விற்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேர் வைக்கும் நாளுக்குப் பரிசு கொண்டுபோகிறவர்களுக்கு அவை வேண்டும். உங்களுக்கும் அதில்தான் இலாபம் கூடுதலாக இருக்கலாம். தாய்க்காக வாங்க வருகிறவருக்குப் பெட்டியோடு சேர்த்துத் தனிச் சட்டைகளின் தட்டையும் காட்டுங்கள், உட்புறத் தையலைப் புரட்டிப் பார்க்க விடுங்கள், துவைக்காத உடுப்பு அளவு பொருந்தாமல் திரும்பி வந்தால் மாற்றிக் கொடுங்கள். வர்த்தகச் சங்கங்கள் இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசி, எந்தக் கடைகள் இணங்கின என்பதைப் பிரதேசத்துக் குடும்பநல மாதுக்களுக்கு (அரச மருத்துவிச்சிகளுக்கு) அறிவித்தால், அவர்கள் கர்ப்பிணித் தாய்மாரிடம் சொல்லி அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
பிள்ளைக் காம்பராவில் கடமையாற்றி ஓய்வுபெற்ற ஒருத்தி