கதரூஸை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழிவாங்கும் கதைகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் அலெக்சாண்டர் டூமாவின் ‘மான்டி கிறிஸ்டோ பிரபு’ நாவலுக்கு நிறையவே இடம் கொடுத்திருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் டாங்ளார், பெர்னான், வில்ஃபோர் என்று மூன்று வில்லன்களையும் அலசிவிட்டு, கதரூஸை மட்டும் குடிகார அண்டைவீட்டுக்காரன் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த நாவலில் என் மனதைவிட்டுப் போகாத ஆள் அவன்தான்.

கதாநாயகனான மாலுமி எட்மண்டைச் சிறையில் தள்ளியதற்கு மற்ற மூவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. (பிறகு மான்டி கிறிஸ்டோ பிரபுவாக வந்து பழிவாங்குபவன் இந்த எட்மண்ட்தான்.) டாங்ளாருக்குக் கப்பல் தலைவர் பதவி மேல் கண். பெர்னானுக்கு எட்மண்டின் காதலி மெர்செதெஸ் வேண்டும். எட்மண்ட் கொண்டுவந்த கடிதம் தன் அப்பாவுக்கு எழுதப்பட்டது என்று வெளியே தெரிந்தால் அரசு வழக்கறிஞரான வில்ஃபோரின் உத்தியோகம் போய்விடும். கதரூஸுக்கு எட்மண்டின் அழிவால் எந்த லாபமும் இல்லை. எட்மண்ட் நெப்போலியனின் ஆள் என்று டாங்ளார் இடது கையால் மொட்டைக் கடிதம் எழுதும்போது அதே மேசையில் போதையில் உட்கார்ந்திருக்கிறான். அந்த நிலையிலும் இது அநியாயம் என்று அவனுக்குப் புரிகிறது. மறுநாள் எட்மண்ட்-மெர்செதெஸ் நிச்சயதார்த்த விருந்தில் எட்மண்டைப் பிடித்துக்கொண்டு போனதும் உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறான். பரிந்து பேசினால் நீயும் கூட்டாளி ஆகிவிடுவாய் என்று டாங்ளார் மிரட்டியதும் அடங்கிப் போகிறான்.

அது 1815. நெப்போலியனை நாடுகடத்திவிட்டு மன்னர் ஆட்சி நடந்த நேரம். நெப்போலியன் ஆள் என்ற சந்தேகமே ஒருவனை உள்ளே தள்ளப் போதும். சரி, அன்று பயந்தான். அதற்கு அப்புறம்? எட்மண்டின் அப்பா மகனை நினைத்து இரவெல்லாம் நடக்கிறார். கீழ் வீட்டில் படுத்திருக்கும் கதரூஸுக்கு அந்தக் காலடிச் சத்தம் ஒவ்வொன்றும் கேட்கிறது. அவனுக்கும் தூக்கம் வரவில்லை. அப்போதும் வாய் திறக்கவில்லை. இதே கிழவரிடம்தான் முன்பு, மகன் பட்ட கடன் என்று 140 பிராங்க் கேட்டு வாங்கிக்கொண்டு, மீதி 60 பிராங்கில் அவரை மூன்று மாதம் ஓட்ட வைத்தவன். கடைசியில் அவர் பட்டினி கிடந்தே செத்தார்.

மெர்செதெஸ் காத்திருக்கவில்லை என்று கட்டுரையாளர் குறைப்படுகிறார். என்னால் ஏற்கவே முடியவில்லை. 18 மாதம் காத்திருந்தாள். எட்மண்டின் அப்பாவைத் தன்னோடு வந்து இருக்கும்படி கெஞ்சினாள். அந்த மொட்டைக் கடிதத்தைத் தபாலில் சேர்த்தவன் பெர்னான் என்று ஒருவர் அவள் காதில் போட்டிருந்தால் அவனுக்குக் கழுத்தை நீட்டியிருப்பாளா? தெரிந்த கதரூஸ் சொல்லவில்லை.

பயம் எல்லோருக்கும் வரும் என்பீர்கள். கப்பல் முதலாளி மோரெலைப் பாருங்கள். வில்ஃபோரிடம் திரும்பத் திரும்பப் போய் நின்று எட்மண்டுக்காக மன்றாடுகிறார். நெப்போலியன் திரும்பி வந்ததும் மனு எழுதுகிறார். நெப்போலியன் மறுபடி வீழ்ந்தபோது, அவருடைய ஆதரவாளர் என்ற பழி மோரெல் தலையில் விழுகிறது. அவருக்கும் குடும்பம் உண்டு, தொழில் உண்டு. கட்டுரையில் அவர் பெயரே இல்லாதது எனக்கு வருத்தம்.

இவ்வளவு சொன்னாலும் கதரூஸுக்குப் பிரபு கொடுத்த முடிவை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். பாதிரியார் வேடத்தில் வந்து 50,000 பிராங்க் பெறுமான வைரத்தை அவனிடம் கொடுக்கிறார். பேராசைக்காரன் கையில் அதைக் கொடுத்தால் என்ன ஆகும்? கொலையில் போய் முடிகிறது. பிறகு பிரபுவின் வீட்டிலேயே திருட வந்து மாட்டிக்கொள்கிறான். வெளியே ஓர் ஆள் பதுங்கியிருப்பது தெரிந்தும் பிரபு கதரூஸை அனுப்பிவைக்கிறார், கத்திக்குத்து விழுகிறது. தடுக்காததற்குக் கடவுளின் தீர்ப்பு என்று ஒரு விளக்கம் வேறு. அவன் உயிர் போனதும் பிரபு ‘ஒன்று!’ என்கிறார். வில்ஃபோரின் சின்ன மகன் இறக்கும்போதுதான் தன் பழிவாங்கலில் அவருக்கே சந்தேகம் வருகிறது. அந்த ‘ஒன்று’ சொன்ன இடத்திலேயே வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த நாவலைப் பற்றி இன்னொரு கட்டுரை போடுவதாக இருந்தால் மோரெலையும் கதரூஸையும் சேர்த்து வைத்து யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இதழின் நெடுநாள் வாசகி