கடுக்கன் போட்ட காதுக்கும் ஒரு பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடகர்கள் தங்கள் குரலைப் பாதுகாப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். வெந்நீர், மௌனம், குரல்நாணில் வரும் முடிச்சு என்று எல்லாம் விவரமாகவே இருந்தது. மேளக்காரர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எதிர்பார்த்தது தப்புதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் தவில் வாசிப்பவன். 12 வயதில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போது வயது 54. மூன்று வருடமாக, நாயனம் (நாகசுரம்) இருக்கும் பக்கத்துக் காதில் ஓயாமல் ஓர் இரைச்சல். ராத்திரி படுத்தால், சுருதிப்பெட்டியை யாரோ அணைக்க மறந்துவிட்டதுபோல் இருக்கும். எத்தனை கட்டைச் சுருதி என்றுகூடப் பிடித்துப் பார்த்தேன். எந்தக் கட்டையிலும் சேரவில்லை. கூட்டத்தில் நாலு பேர் பேசினால் பேசுவது தெரிகிறது, சொல் தெரிவதில்லை. போனில் ஒருவர் பதினாறாம் தேதி என்றதைப் பதினேழு என்று வாங்கிக்கொண்டு, ஒரு முகூர்த்தத்தைக் கோட்டைவிட்டேன். அதிலிருந்து எனக்கு வரும் போனையெல்லாம் என் மகன்தான் எடுக்கிறான்.

அவன் வற்புறுத்தித்தான் காதைக் காட்டப் போனேன். ஓர் அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பிறகு ஒரு படம் போட்டுக் கொடுத்தார்கள். கோடு ஒழுங்காக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் என்கிற மேல் ஸ்தாயிப் பக்கத்தில் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. சத்தத்தில் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளமாம். படத்தைப் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “எந்த மில்லில் வேலை பார்க்கிறீர்கள்?”

மில்லில் வேலை பார்த்திருந்தால் எனக்குச் சட்டம் இருந்திருக்கும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பையும் வைத்திருந்தது; 2025இல் அதன் இடத்துக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஒரு தொழிலாளி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபலுக்கு மேல் கேட்கக் கூடாது என்று பழைய சட்டத்தின் விதிகளில் அளவும் இருந்தது. காது நிபுணர்களைக் கேட்டால் அதுவே அதிகம், 85தான் எல்லை என்பார்கள். அதற்கு மேல் மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் காது தாங்கும் நேரம் பாதியாகிறது. 88 என்றால் நாலு மணி நேரம், 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் கால் மணி. கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடிகிறது என்றால் 85ஐத் தாண்டிவிட்டதாக வைத்துக்கொள்ளலாமாம். ஏசி மண்டபத்தில் கதவுகளையெல்லாம் சாத்தி, ஆளுக்கொரு மைக் கொடுத்து, நான்கு சிறப்புத் தவில் சேர்ந்து தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் எனக்குக் கேட்காது. அது எத்தனை டெசிபல் என்று யாரும் அளந்ததில்லை. உட்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது என்பதை மட்டும் மருத்துவர் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா காலத்துத் தவில் வாரால் இழுத்துக் கட்டியது. இப்போது இரும்பு வளையம், போல்ட்டு, நட்டு. ஸ்பேனர் போட்டு முறுக்குகிறோம். நாதம் சுள்ளென்று வருகிறது, கேட்பவர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது. எடையும் கூடிப்போய், நாலு வீதிப் புறப்பாடு முடிந்து இறக்கிவைக்கும்போது தோள்பட்டை என்னுடையதுதானா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

“சங்கீதத்தைப் போய்ச் சத்தம் என்கிறாயே” என்று எங்கள் செட்டு நாயனக்காரர் கோபித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லவில்லை. லண்டனில் ராயல் ஓபரா ஹவுஸ் என்கிற இசை நாடக அரங்கும் இதையேதான் சொன்னது. 2012 செப்டம்பரில் அங்கே வாக்னர் என்கிற ஜெர்மன் இசையமைப்பாளரின் இசை நாடகம் ஒன்றுக்கு ஒத்திகை. பித்தளைக் குழல்காரர்கள் வரிசைக்கு நேர் முன்னால் வயலினைவிடச் சற்றுப் பெரிதான வயோலா வாசிக்கும் ஒரு கலைஞரின் நாற்காலி. ஒலி சில கணங்களில் 130 டெசிபலைத் தாண்டியது. அத்தோடு அவர் காது கெட்டது, தொழிலும் போனது. வழக்குப் போட்டார். தொழிற்சாலையில் சத்தம் என்பது வேலையோடு கூட வருவது, எங்களுக்கோ அந்த ஒலிதான் உற்பத்திப் பொருளே, அதைக் குறைக்கச் சொல்வது நியாயமா என்று ஓபரா ஹவுஸ் தரப்பு வாதாடியது. சட்டம் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை என்று 2018இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2019இல் மேல்முறையீட்டிலும் ஓபரா ஹவுஸ்தான் பொறுப்பு என்பது நின்றது. அவருக்கு வழக்குப் போட ஒரு முதலாளி இருந்தார். எனக்கு யார் முதலாளி? மணமகனின் மாமாவா, மண்டப மேனேஜரா, திருவிழா உபயதாரரா?

இசைக்கலைஞர்களுக்கென்றே செய்த காதடைப்பான்கள் இருக்கின்றன. பஞ்சை உருட்டி வைத்தால் சத்தம் பெரிதாகக் குறையாது. கடையில் விற்கும் நுரை அடைப்பானோ மேல் ஸ்தாயியை அதிகமாகத் தின்றுவிடும்; நாயனக்காரர் என்ன சங்கதி போடுகிறார் என்றே தெரியாது, தெரியாமல் எப்படி அதற்குப் பதில் வாசிப்பது? நான் சொல்வது எல்லா ஸ்தாயியையும் ஒரே அளவாகக் குறைப்பது; 9, 15, 25 டெசிபல் என்று வடிப்பான் மாற்றிக்கொள்ளலாம். நான் 15 போட்டுக்கொண்டு வாசிக்கிறேன். முதல் ஒரு மாதம் தண்ணீருக்கடியில் வாசிப்பதுபோல் இருந்தது, பிறகு பழகிவிட்டது. பழகாதது மற்றவர்களின் பார்வை. “தன் வாசிப்பைத் தானே கேட்க முடியாத வித்வான்” என்று ஒரு கல்யாணத்தில் கேலி செய்தார்கள். கடுக்கனுக்கு இடம் கொடுத்த காது, கடுகளவு ரப்பருக்கு இடம் கொடுக்கக் கூடாதா?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். இயல் இசை நாடக மன்றம் வழியாக நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் வருகிறது. அதை வாங்கி அரிசி வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைப் பாருங்கள்: நலிந்த கலைஞர். நலிந்த பிறகுதான் கணக்கில் வருகிறோம். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கு. காதைச் சோதிக்கவும் தோளுக்குப் பயிற்சி கொடுக்கவும் யாரும் படுக்கையில் சேர்ப்பதில்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் மூக்குக்கண்ணாடி வாங்க உதவித்தொகை இருக்கிறது. கண்ணுக்குத் தோன்றியது காதுக்கும் தோன்றினால் போதும். இசையால் பிழைக்கிறவனுக்கு முதலில் எது வேண்டும்?

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். கட்டடம் கட்டுகிறவர்களிடம் செலவில் 1 விழுக்காடு வாங்கித்தான் கட்டடத் தொழிலாளர் வாரியம் நடக்கிறது. ஜெர்மனியில் 1983 முதல், நிரந்தர வேலை இல்லாத கலைஞர்கள் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிதான் கட்டுகிறார்கள். மீதியைக் கலையை வாங்கிப் பயன்படுத்தும் நிறுவனங்களும் அரசும் பகிர்ந்துகொள்கின்றன. பல லட்சம் வாடகை வாங்கும் மண்டபங்கள் மேளத்துக்கென்று ஒரு சிறு தொகை கட்டினால் குறைந்துபோய்விட மாட்டார்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாத காரியம் ஒன்று உண்டு. மாநிலத்தில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. தவிலும் நாகசுரமும் அங்கே பாடங்கள். சேரும் பிள்ளைக்கு அன்றே ஒருமுறை காதைச் சோதித்து எழுதி வைக்கட்டும், வருடம் ஒருமுறை அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் கருவியும் ஆளும் இருக்கிறார்கள். எங்களைப்போன்ற பழையவர்களுக்கு முகாம் போடுவதென்றால் மார்கழியில் போடுங்கள். கோயில் மேளக்காரர்களுக்கு விடியற்காலை வேலை இருக்கும், அதன்பின் பகல் முழுக்கச் சும்மாதான் இருப்பார்கள். வைகாசியில் போட்டால் ஒரு ஈ காக்கை வராது.

என் தங்கை மகன் இந்த வருடம் தவில் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். நல்ல கை. அவன் காதை என் செலவில் சோதித்து, அந்தப் படத்தை என் படத்தோடு ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அடைப்பானும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். வகுப்பில் அதைப் போட்டுக்கொள்ள வாத்தியார் விடுவாரா என்று கேட்டான். வருகிற திங்கட்கிழமை நானே போய்க் கேட்கப் போகிறேன்.

இப்படிக்கு,
தவில்காரர் ஒருவர்,
கும்பகோணம் அருகிலிருந்து