தைமஸ் தேவையில்லாத உறுப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது எப்படி?' என்ற கட்டுரையைப் படித்தேன். அதில் தைமஸ் சுரப்பிக்கு ஒரே ஒரு வரி: "பெரியவர்களுக்கு இது தேவைப்படாத உறுப்பு." நான் 26 வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவள். நானும் அந்தச் சுரப்பியை அப்படித்தான் தாண்டிப் போயிருக்கிறேன். என் மகளுக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற, தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய் வந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

காலையில் நன்றாக இருப்பாள். சாயங்காலமானால் இடது இமை தானாக இறங்கிவிடும். ராத்திரி பாதி தோசை மென்றதும் தாடை சோர்ந்து, கையால் தாங்கிக்கொள்வாள். நரம்பியல் மருத்துவர் ஒரு கையுறையில் ஐஸ் கட்டிகளைப் போட்டு முடிந்து, மூடிய கண்மேல் 2 நிமிஷம் வைத்து எடுத்தார். இமை மேலே ஏறியது. நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். நரம்பு அனுப்பும் செய்தியைத் தசையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை, அவள் உடம்பில் உண்டான எதிர்பொருளே தாக்குகிறது என்றார். அப்புறம் எடுத்த சி.டி. ஸ்கேனில், மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸில் கட்டி. இந்த நோய் வந்தவர்களில் 100-க்கு 10 முதல் 15 பேருக்கு அப்படி இருக்குமாம்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்கள் தைமஸுக்குள் போய்த்தான், கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளையணுக்களான டி செல்களாகின்றன. ஒவ்வொன்றும் மரபணுத் துண்டுகளைக் கலைத்துச் சேர்த்து, குருட்டாம்போக்கில் தனக்கொரு ஏற்பியைச் செய்துகொள்கிறது. அதனால் எந்தக் கிருமி வந்தாலும் அதை அடையாளம் காண ஏதாவது ஒரு செல் இருக்கும். நம் உடம்பையே பகை என்று பாயக்கூடிய செல்லும் அதில் இருக்கும். சுரப்பியின் வெளிப்பகுதியில், நம் செல்கள் தங்களுக்குள் இருக்கும் புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும் எம்.எச்.சி. புரதத்தைப் பற்றத் தெரியாதவை மடிந்துபோகின்றன. உள்பகுதியில் நடப்பதைப் படித்துத்தான் மலைத்துப்போனேன். அங்குள்ள செல்கள் 'ஏர்' என்ற மரபணுவின் துணையால், கணையத்தில் சுரக்கும் இன்சுலின் உட்பட உடம்பின் பல மூலைகளில் உள்ள புரதங்களைத் துளித்துளியாகத் தாங்களே செய்து காட்டுகின்றன. அவற்றை இறுகப் பற்றும் டி செல்கள் அழிகின்றன. சில மட்டும் பிழைத்து, மற்ற செல்களை அடக்கிவைக்கும் காவல் செல்களாகின்றன. உள்ளே வரும் 100-இல் 95-க்கு மேல் உயிரோடு வெளியே வருவதில்லை. இதைப் பள்ளிக்கூடம் என்று எழுதுகிறார்கள். ஆசிரியையான எனக்கு அந்த உவமை ஒட்டவில்லை. தேறாத பிள்ளையை எந்தப் பள்ளியும் கொல்வதில்லை. 'ஏர்' மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்கு, உடம்பு தன் சுரப்பிகளையே ஒவ்வொன்றாகத் தாக்குகிறது.

1961-இல் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், பிறந்த கையோடு சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். அவை இளைத்து நோயில் செத்தன. அதுவரை மருத்துவ உலகமே இதை வேலையற்ற உறுப்பு என்றுதான் நினைத்திருந்தது. குழந்தைகளுக்கு வேண்டும், பெரியவர்களுக்கு வேண்டாம் என்ற எண்ணம் மட்டும் மிச்சம் நின்றது. 2023-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், தைமஸ் நீக்கப்பட்ட பெரியவர்களில் 8.1 சதவீதம் பேர் 5 ஆண்டுகளுக்குள் இறந்திருந்தார்கள். அதை நீக்காமல் வேறு இதய, மார்பு அறுவை செய்துகொண்டவர்களில் 2.8 சதவீதம்தான். என் மகளுக்குக் கட்டி இருந்ததால் எடுத்தே ஆகவேண்டும், எடுத்தோம். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. தேவையில்லாத உறுப்பு என்று அச்சில் வருவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தலைப்பில் உள்ள 'கூட்டுவது' என்ற சொல்லும் எனக்கு வலித்தது. உறவினர் ஒருவர் உங்கள் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, ஒரு டப்பா சத்துப் பவுடரோடு வீட்டுக்கு வந்தார். "எதிர்ப்புச் சக்தி இல்லாததுனாலதானேம்மா பிள்ளைக்கு இப்படி ஆச்சு" என்றார், உண்மையான அக்கறையோடு. என் மகள் தினமும் ஸ்டீராய்டும் அசாதயோபிரினும் சாப்பிடுவது எதிர்ப்புச் சக்தியை அடக்கத்தான். இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. பவுடரை அவள் தொடவில்லை.

அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள். முடிந்தால், எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பின்மேல் பாயாமல் எப்படி அடங்கியிருக்கிறது என்று அரைப்பக்கமாவது எழுதச் சொல்லுங்கள். அதையும் கத்தரித்து அவரிடம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கும்பகோணம்