கயலின் கவுன்சலிங்கும் என் வாஷிங் மெஷினும்

அன்புள்ள சேகர்,

உன் மெசேஜைப் பார்த்ததும் பதில் போட்டிருக்க வேண்டும், ஆற அமர எழுதலாம் என்று நான்கு நாளைக் கடத்திவிட்டேன். கயலுக்குக் கிண்டியில் மேனுஃபேக்சரிங் எடுப்பதா, கோயம்புத்தூர் பிஎஸ்ஜியில் புரொடக்‌ஷன் எடுப்பதா, இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டிருந்தாய். தமிழில் இரண்டுமே உற்பத்திதான். காலேஜிலும் வார்ப்பு, வெல்டிங், மெட்டல் கட்டிங், அளவியல் என்று பெரும்பாலும் ஒரே பாடங்கள்தான் வரும். வித்தியாசம் தெரிவது ஷாப் ஃப்ளோரில், அதாவது மெஷின்கள் ஓடுகிற தளத்தில்.

என் கதையையே சொல்கிறேன். இங்கே பெங்களூரு பீன்யாவில் நான் முதலில் சேர்ந்த கம்பெனியில் நான் மேனுஃபேக்சரிங் ஆள். ஒரு பீஸை எந்த மெஷினில், எந்த டூலில், எந்த ஸ்பீடில் ஓட்டுவது, பீஸை அசையாமல் பிடிக்கும் ஃபிக்ஸ்சரில் எங்கே பிடிப்பது, இதெல்லாம் என் தலைவலி. ஒருமுறை பீஸைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் லொக்கேட்டிங் பின் லேசாகத் தேய்ந்து, துளை 40 மைக்ரான் தள்ளிப்போய்விட்டது, கண்ணால் பார்த்தால் தெரியாது, அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

அப்புறம் ஒரு டிரில்லிங் மெஷினில் வெட்டும் முனையான இன்சர்ட்டை மாற்றி, டூல் உள்ளே இறங்கும் வேகமான ஃபீடைக் கூட்டி, ஒரு பீஸுக்கு ஆன 70 செகண்ட் சைக்கிள் டைமை 52க்குக் கொண்டுவந்தேன். காலர் தூக்கிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் புரொடக்‌ஷன் பக்கத்து மைசூர்க்காரர் என்னை லைனுக்குக் கூட்டிப்போய் ஒன்றும் பேசாமல் நிறுத்தினார். அடுத்து இருந்த, பீஸைக் கழுவும் வாஷிங் மெஷினுக்கு ஒரு பீஸுக்கு 65 செகண்ட். இடைவேளை போக ஷிஃப்ட்டுக்கு 450 நிமிஷம். என் மெஷின் 519 பீஸ் தள்ளுகிறது, வாஷிங் 415தான் கழுவுகிறது, மிச்சம் 104 பீஸ் எண்ணெயும் உலோகச் சில்லுமாக டிரேயில் குவிந்து கிடக்கிறது. மாலையில் லாரியில் ஏறியதும் அந்த 415தான். நான் குறைத்த 18 செகண்டில், பழைய 70க்கும் வாஷிங்கின் 65க்கும் நடுவே உள்ள 5 செகண்டுக்குத்தான் பலன். 'நீ பீஸைப் பார்க்கிறாய், நான் லாரியைப் பார்க்கிறேன்' என்றார், கன்னடத்தில். ஒரு நாளைக்கு எத்தனை, எது முதலில், எங்கே ஆள் போடுவது, எங்கே தேங்குகிறது என்று பார்ப்பது அவர் வேலை. அடுத்த வருஷமே நானும் அந்தப் பக்கம் தாவிவிட்டேன். சின்னக் கம்பெனியில் இரண்டு வேலையும் ஒரே ஆள் தலையில்தான் விழும், அது வேறு விஷயம்.

கயல் ஒரு பொருளைப் பிரித்துப் போட்டுப் பார்க்கிற பிள்ளையா, வீட்டில் எல்லாரையும் வேலை வாங்குகிற பிள்ளையா? தங்கச்சியைக் கேள், உனக்குத் தெரியாது. பிராஞ்ச் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதே, இரண்டும் நல்ல காலேஜ், ஹாஸ்டலையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்.

கவுன்சலிங்குக்கு முன்னால் அவளை இரண்டு நாள் இங்கே அனுப்பேன். பீன்யா மெட்ரோவில் நானே வந்து கூட்டிக்கொள்கிறேன். வியாழன் மட்டும் வேண்டாம், ஆடிட் இருக்கிறது.

உன்,
ரவி