சுளுக்கு இல்லை, தாயி

பாம்பன்
மாசி மாதம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமா?

கார்த்திகையில் கையில் சுளுக்கு என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா, அது சுளுக்கு இல்லை தாயி. எலும்பு முறிவு. சொன்னால் நீ அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாய், பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் என்று அப்பாவையும் வாயைத் திறக்க விடவில்லை. இப்போது நான் எழுதப்போகிற விஷயத்துக்கு அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

துணி துவைக்கிற கல்லுப் பக்கம் சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. மேலேயிருந்து ஒன்றும் விழவில்லை, நின்ற இடத்தில்தான் விழுந்தேன். வலது கையை ஊன்றினேன். எழுந்து பார்த்தால் மணிக்கட்டு அகப்பைக் காம்பு மாதிரி வளைந்து நிற்கிறது. பக்கத்து வீட்டு மதினி சோப்பைத் தடவி வளையல்களை உருவினாள். இரண்டு மட்டும் வரவே இல்லை, துணியைச் சுற்றி உடைத்துத்தான் எடுத்தாள். ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டைப் பிரித்த அன்று டாக்டர், "61 வயசுல நின்ன இடத்துல விழுந்ததுக்கே கை முறியுதுன்னா எலும்பு அடர்த்தியைப் பாத்துடணும்மா" என்று டெக்ஸா ஸ்கேனுக்கு மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தேன். இரண்டு மாதமாக அங்கேயே கிடக்கிறது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெயிலுக்குக் குறைவில்லை, மீனுக்குக் குறைவில்லை. சின்ன வயதிலிருந்து சூடையும் நெத்திலியும் முள்ளோடு மென்று தின்றவள். மாதத்தில் 12 நாள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசி எடுக்கக் கடலில் முங்குகிறவள். எனக்கென்ன எலும்புக் கேடு என்று நினைத்தேன். அப்புறம் போன வருஷம் நம் ஊரில் ஒரு முகாம் போட்டார்கள். குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லி, வந்த அத்தனை பேருக்கும் எலும்பு தேய்ந்துவிட்டது என்று சீட்டு எழுதி, ஆளுக்கொரு பவுடர் டப்பாவை விற்றுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து எலும்பு டெஸ்ட் என்றாலே எனக்குக் கசப்பு.

போன வாரம் மறுபடி டாக்டரிடம் போனபோது இதையெல்லாம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. குதிகாலில் வைப்பது ஒலி அலைக் கருவியாம், அதை மட்டும் வைத்து நோய் உண்டு இல்லை என்று முடிவு கட்டக் கூடாதாம். டெக்ஸாவில் இடுப்பையும் முதுகுத்தண்டையும் லேசான எக்ஸ்ரேயால் அளக்கிறார்கள். படுத்திருந்தால் போதும், ஊசி கிடையாது, கால் மணி நேர வேலை. நாம் பேச்சில் எலும்புத் தேய்மானம் என்று சொல்வதில் இரண்டு நோய் கலந்து கிடக்கிறது. என் முழங்கால் வலி மூட்டுத் தேய்மானம், அது வேறு. இது எலும்பு உள்ளுக்குள் மெலிந்து போவது. முறிகிற வரைக்கும் வலிக்காது. எனக்கு அதுதான் திக்கென்றது. வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் தள்ளிப் போடுகிறவள் நான்.

அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, மாதவிடாய் எப்போது நின்றது என்பது. 38 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்றேன். சினைப்பையை விட்டு வைத்தார்களா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு அடியில் 2002-ல் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து இருந்தது. மருந்துக் கடைத் தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். இரண்டு பக்கத்துச் சினைப்பையும் எடுத்திருக்கிறார்கள் அக்கா என்றான்.

எலும்பைக் காக்கிற ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் சினைப்பையிலிருந்துதான் சுரக்கிறதாம். மற்றப் பெண்களுக்கு 50 வயதை ஒட்டிக் குறைவது எனக்கு 38-லேயே நின்றுவிட்டது. மீனும் வெயிலும் நல்லதுதான், ஆனால் அந்த இடத்தை அவை நிரப்பாது. இருபது வருஷத்துக்கு மேல் எனக்குத் தெரியாமலே இது நடந்திருக்கிறது. அன்று மருந்துக் கடைப் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. அதே டெய்லர் அதே அளவில் தைக்கிற பாவாடை கொஞ்ச நாளாகத் தரையில் புரள்கிறது. துணி தளர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். முதுகெலும்பு நசுங்கினால் உயரம் குறையும் என்கிறார் டாக்டர்.

உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு முறிந்ததுண்டா என்றும் கேட்டார். உன் அம்மாச்சியைத்தான் உனக்கே தெரியுமே. திண்ணையில் விழுந்து இடுப்பு முறிந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. எட்டு மாதம் நான்தான் புரட்டிப் போட்டுத் துடைத்தேன். கடைசியில் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டாள். எந்தப் பிள்ளைக்கும் அந்த வேலை வரக் கூடாது, உனக்கு வரவே கூடாது.

சரி, ஸ்கேனுக்குப் போகிறேன். சித்திரை 2-ம் தேதி, அதாவது ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. 61 நாள் அப்பா கரையில்தான் இருப்பார். அந்த முதல் வாரத்திலேயே பாசஞ்சர் ரயிலில் மதுரைக்குப் போய்வருகிறோம். மூவாயிரத்துக்குள் ஆகும் என்றார்கள், குழுவில் என் சேமிப்பு இருக்கிறது. நீ பணம் அனுப்பாதே. முந்தின நாள் கால்சியம் மாத்திரை போடக் கூடாது, ஊக்கு, கொக்கி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

டி ஸ்கோர் என்று ஒரு எண் தருவார்கள். மைனஸ் 1 வரை இருந்தால் பயமில்லை. மைனஸ் 1-க்குக் கீழே மைனஸ் 2.5-ஐத் தொடாமல் இருந்தால் எலும்பு குறைந்திருக்கிறது. மைனஸ் 2.5-ஓ அதற்கும் கீழேயோ போனால் அந்த நோய்தான். நோய் என்று வந்தால் மருந்து எடுப்பேன் என்று முதலில் மனதில் முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு இல்லாமல் மதுரை வரை போவது வீண். பெரிய தெரு அக்கா வாரம் ஒரு மாத்திரை போடுகிறார்கள். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், படுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் பயந்தது மாத்திரைக்கு இல்லை. எண்ணைப் பார்த்துவிட்டு எல்லோரும் சேர்ந்து என்னைக் கடலில் இறங்க விடமாட்டீர்களோ என்றுதான். அதை அப்போது பேசிக்கொள்ளலாம், இப்போதே ஆரம்பிக்காதே.

உனக்கு ஒன்று. நாளைக்கு உன்னை எந்த டாக்டராவது இதே கேள்விகளைக் கேட்டால் அம்மாச்சிக்கு இடுப்பு முறிந்தது, அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது என்று இரண்டையும் சொல். இளைக்க வேண்டும் என்று ராச்சாப்பாட்டை விடுகிறாயாமே, அதை நிறுத்து. கேழ்வரகு மாவு திரித்து அனுப்புகிறேன், பிள்ளைகளுக்கும் கூழாக்கிக் கொடு. உனக்கு ஏதாவது ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் எதை எடுக்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்கு.

ரிசல்ட் வந்த அன்று ராத்திரியே போன் பண்ணுகிறேன். சீட்டில் இருக்கிற எண்ணை அப்படியே வாசிக்கிறேன், இந்த முறை குறைத்துச் சொல்லமாட்டேன்.

உன் அம்மா