செயலாளர் அறிக்கை: இந்த ஆண்டு நாங்கள் எண்ணிய கழிவுப் படங்கள்

தலைவர் அவர்களே, வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சியில் இருந்து வந்திருக்கும், ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே எடுக்கும் அங்கத்தவர்களே, வணக்கம்.

கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. சந்தா சிலரிடம் இன்னும் நிலுவை. யாரென்று பொருளாளருக்குத் தெரியும். இந்த ஆண்டு உருப்படியாகச் செய்த வேலை, கழித்த எக்ஸ்ரே படங்களை, அதாவது சரியாக வராமல் திரும்ப எடுக்க வேண்டி வந்தவற்றை, கணக்கெடுத்ததுதான்.

பிலிம் காலத்தில் இது இலகு. இருட்டறை வாளியில் கிடப்பவற்றை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தால் கதிர் கூடிக் கறுத்ததும் குறைந்து வெளுத்ததுமாகவே பெரும்பாலும் இருக்கும். டிஜிட்டலில் அந்தப் பிழையைக் கம்ப்யூட்டரே சரிக்கட்டிவிடுகிறது. கதிர் கூடினாலும் படம் வடிவாகத்தான் வரும், அது வேறு தலையிடி. இப்போது அதிகம் கழிபடுவது ஆளை நிறுத்திய விதத்தால். அதையும் ஒரு தட்டில் அழித்துவிடுகிறோம். ஒட்டுசுட்டானில் இருந்து பஸ் ஏறி வந்த அம்மா இரண்டாம் முறை கதிர் வாங்கியதற்கு அடையாளமே இருக்காது.

முதலில் என் படங்களைத்தான் திரையில் போட்டோம். பக்கவாட்டு முழங்கால் ஒன்றில் தொடையெலும்பின் இரண்டு முண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை. நெஞ்சுப் படம் ஒன்றில் பின்னல் நுரையீரல் உச்சியில் விழுந்து, காசநோய்த் தழும்பு மாதிரி நின்றது. ‘பின்னலைத் தூக்கிக் கட்டுங்கோ பிள்ளை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்க வழிகாட்டலில் கழிவுக்கு 8 வீதம் இலக்கு. 10 வீதத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 250 படம் எடுத்து 20 கழித்தால் 8 வீதம். ஓர் இடத்தில் இருந்து வந்த கணக்குத் தாளில் கழிவு இல்லவே இல்லை. கைதட்டினோம். பிறகுதான் விளங்கியது, தாளில் எடுத்தவர் பெயருக்கும் ஒரு கட்டம் வைத்திருந்தோம்; பயத்தில் யாரும் எழுதவில்லை. பிழை எங்களுடையது. பெயரை எடுத்துவிட்டோம். அடுத்த மாதம் எண்ணிக்கை ஏறியது, எனக்குச் சந்தோஷம்.

‘மற்றவை’ என்ற கட்டமும் ஒரு பெரிய குப்பைக்கூடையாக இருந்தது. அதை நீக்கி நிலைப்படுத்தல், அசைவு, வெட்டுப்பட்டது, கதிரளவு, நகை-உடுப்பு, இயந்திரக் கோளாறு என்று பிரித்திருக்கிறோம். முழங்காலும் நெஞ்சும் தனித்தனி வரிசை, இரண்டையும் கலந்து ஒரே வீதம் சொல்வதில் பிரயோசனம் இல்லை.

அடுத்த கூட்டம் நவம்பர் 8, ரொண்ட்ஜன் 1895இல் எக்ஸ்ரே கதிரைக் கண்ட நாள். ஒவ்வொருவரும் கழித்த படம் மூன்று கொண்டு வரவேண்டும். நோயாளியின் பெயர், இலக்கம் அழித்துக் கொண்டு வாருங்கள். போன முறை ஒருவர் மறந்துவிட்டார்.

இனிப் பொருளாளர் கணக்கறிக்கையை வாசிப்பார். தேநீர் அதற்குப் பிறகுதான்.

செயலாளர்