அடிஸ் அபாபா வழியாக வருகிறவளுக்கு

அன்பு மகளுக்கு,

வாஷிங்டனிலிருந்து எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு நேரே வந்து சேர்கிற விமானம், திரும்பிப் போகையில் மட்டும் ஏன் நடுவழியில் இறங்குகிறது என்று கேட்டிருந்தாய். எதிர்க்காற்றும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம் அடிஸில் உள்ள ‘போலே’ விமான நிலையத்தின் உயரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,330 மீட்டர். ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே.

அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி முக்கால் பங்குதான். இறக்கைக்குப் பிடிமானம் குறைவு, என்ஜினின் உந்துவிசையும் குறைவு. சென்னையில் மணிக்கு 280 கி.மீ. வேகத்தில் எழும்பும் விமானம், அதே எடையோடு அங்கே 320 கி.மீ. வரை ஓடியாக வேண்டும். ஓடுபாதை 3,800 மீட்டர் நீளம் இருப்பது அதனால்தான். ஆனால் நீளம் மட்டும் இருந்தால் போதாது. டயருக்கு வேக வரம்பு உண்டு. பாதி ஓட்டத்தில் நிறுத்த நேர்ந்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஒரு என்ஜின் நின்றால் மற்றதை வைத்து மலைகளைத் தாண்டவும் வேண்டும். ஆகவே எடையைக் குறைக்கிறார்கள். ஆளைக் குறைத்தால் நஷ்டம், எரிபொருளைக் குறைத்தால் அட்லாண்டிக்கைத் தாண்ட முடியாது. அதனால் கொஞ்சமாக நிரப்பிக்கொண்டு கிளம்பி, தாழ்வான ஊர் ஒன்றில் இறங்கி மறுபடி நிரப்புகிறார்கள். ரோம், டப்ளின், லோமே என்று அந்த ஊர் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. வாஷிங்டன் டல்லஸ் நிலையம் நூறு மீட்டர் உயரம்கூட இல்லை, அதனால் வரும்போது இந்தத் தொல்லை கிடையாது.

ஒரு வேடிக்கை பார். போயிங் 787 விமானத்தில் எவ்வளவு உயரே பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 1,800 மீட்டர் மலையில் இருப்பது போலத்தான் வைத்திருப்பார்கள். அடிஸ் தரை அதைவிட உயரம். அதாவது விமானம் கீழே இறங்க இறங்க, உள்ளே நீ மலை ஏறிக்கொண்டிருப்பாய். பையிலுள்ள சிப்ஸ் பாக்கெட், பறக்கும்போது இருந்ததைவிடத் தரையில் இறங்கிய பிறகு இன்னும் உப்பியிருக்கும், எடுத்துப் பார். லேசாகத் தலை வலித்தால் பயப்படாதே. தண்ணீர் குடி, படியில் ஓடாதே. இரவில் நன்றாகக் குளிரும். ஸ்வெட்டரைப் பெட்டியில் போட்டுவிடாமல் கையிலேயே வை.

இப்போது முக்கியமான விஷயம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. எத்தியோப்பியா, அந்தக் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து விமானம் மாறினால், இந்தியாவில் சுகாதார அதிகாரி சம்மதித்து விட்டுவிடலாம். அடுத்த விமானத்துக்கு நெடுநேரம் இருக்கிறதென்று ஓட்டலுக்குப் போய்ப் படுத்துவிட்டு, ஊசி போட்டதற்கான அட்டை இல்லாமல் இங்கே வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த அவர்களுக்கு உரிமை உண்டு. நீ வருவதே மூன்று வாரத்துக்கு! ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். அப்புறம் ஆயுசு முழுக்கச் செல்லும். அமெரிக்காவிலேயே இப்போதே போட்டுக்கொள். அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வை.

அடிஸில் வெளியே போனால் மணியைக் கவனி. அந்த ஊர்க்காரர்கள் பொழுது விடிவதிலிருந்து எண்ணுவார்கள், நம் ஆட்கள் அந்தக் காலத்தில் நாழிகை எண்ணின மாதிரி. டாக்சிக்காரர் காலை 2 மணிக்கு வருகிறேன் என்றால் நம் கணக்கில் 8 மணி. டிக்கெட்டில் மட்டும் வழக்கமான மணிதான் இருக்கும். எந்தக் கணக்கு என்று கேட்டுவிடு, இல்லையென்றால் ஆறு மணி நேரம் பிசகிவிடும்.

விமானம் மாறும்போது பாதுகாப்புச் சோதனை மறுபடி உண்டு. டல்லஸ் கடையில் வாங்கும் வாசனைத் திரவியத்தை அவர்கள் சீல் வைத்துத் தரும் பையிலிருந்து பிரிக்காதே. பிரித்தால் அடிஸில் பிடுங்கிக்கொள்வார்கள். கதவு எண்ணை அடிக்கடி திரையில் பார். பஸ்ஸில் கூட்டிப்போய் ஏற்றும் விமானங்கள் நிறைய, அதனால் சீக்கிரமே கதவுக்குப் போய்விடு.

திரும்பும்போது அம்மா மாங்காய் ஊறுகாய் கட்டித் தருவாள். கைப்பையில் வைத்தால் சோதனையில் போய்விடும். பெட்டியில் வைத்தாலும் பாட்டிலை வாய் வரை நிரப்பிவிட்டு, மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கச் சொல்லியிருக்கிறேன். மேலே காலி இடம் இருந்தால் அந்த உயரத்தில் காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளிவிடும்.

அப்பா